முன்னால் டிபன், பின்னால் சாப்பாடு: சென்னையில் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் போகும் புதியவர்களுக்கு

சென்னையில் மாலைக் கச்சேரி ஆறேகாலுக்கோ ஆறரைக்கோ தொடங்கும். நாடகம் என்றால் ஆறே முக்கால், ஏழு. ஊரின் பெரிய உணவகங்களில் பல, மதியம் மூன்று மூன்றரைக்குச் சமையலறையை மூடிவிட்டு இரவு ஏழு மணிக்குத்தான் மறுபடி கதவைத் திறக்கின்றன. திரை விலகும் நேரமும் இரவுச் சாப்பாடு தயாராகும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. லண்டனிலும் நியூயார்க்கிலும் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காகவே ஐந்தரை மணிக்கு முழுச் சாப்பாடு பரிமாறும் உணவகங்கள் உண்டு. அந்தப் பழக்கத்தோடு இங்கே மேசை பதிவு செய்யப் பார்ப்பவருக்கும், மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வேலைக்கு வந்து தம் முதல் டிசம்பர் இசை சீசனைச் சந்திப்பவருக்கும் நேர்வது ஒரே ஏமாற்றம்தான். பசிக்கும்போது கடை இல்லை; கடை திறக்கும்போது நாம் அரங்குக்குள் இருக்கிறோம்.

இந்த ஊர் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கே அடுப்பேறும் டிபன்தான் அந்த விடை. மயிலாப்பூர் மெஸ் முதல் தியாகராய நகர் இட்லிக் கடை வரை, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட அந்த நான்கு மணி நேரம் டிபனுக்குச் சொந்தம். நிகழ்ச்சிக்கு முன் டிபன், தேவைப்பட்டால் பின்னால் சாப்பாடு. இந்த வரிசையை ஏற்றுக்கொண்டுவிட்டால் மீதியெல்லாம் நேரக் கணக்கும் தெருக் கணக்கும்தான்.

முதல் படி: கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஆறரை மணிக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். ஆறேகாலுக்கு இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். டிக்கெட் காட்டுவது, கழிப்பறைக்குப் போய் வருவது, தெரிந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவது எல்லாம் சேர்த்து ஆறு மணிக்கு அரங்க வாசலில் இருப்பது நல்லது. நடக்கும் தூரத்தில் சாப்பிடுவதானால் ஐந்தே முக்காலுக்குக் கை கழுவி எழுந்துவிட வேண்டும். டிபனுக்கு அரை மணி, இடம் கிடைக்கக் கால் மணி. ஆக, ஐந்து மணிக்கு உணவக வாசலில் நிற்கிறீர்கள். சனி, ஞாயிறு, டிசம்பர் கடைசி வாரம் என்றால் நாலரை.

ஆறரைக் கச்சேரிக்கு நாலரைக்கே டிபனா என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்தால் அந்தக் கேள்வி மறுபடி வராது. சீசனில் பிற்பகல் கச்சேரி முடிந்து வெளியே வருபவர்களும், மாலைக் கச்சேரிக்கு வந்து சேர்பவர்களும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் மோதிக்கொள்கிறார்கள். அப்போது ஒரு காபி வாங்கவே பதினைந்து நிமிடம் ஆகலாம்.

கச்சேரிகளையும் நாடகங்களையும் நடத்தும் அமைப்புகள்தான் சபாக்கள். சபாவுக்குச் சபா நேரம் மாறும். மியூசிக் அகாடமியில் மாலையின் இரண்டு பெரிய கச்சேரிகளில் ஒன்று நான்கு மணியை ஒட்டியும் மற்றொன்று ஏழு மணியை ஒட்டியும் அமையும். வேறு சபாக்களில் இடைவெளி இதைவிடக் குறைவு. ஆகவே அன்றைய அட்டவணையைப் பார்த்த பிறகே வயிற்றுக்கு நேரம் குறியுங்கள். நாடகத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த நெருக்கடி கொஞ்சம் குறைவு. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா போன்றவை ஏப்ரல், மே மாதங்களில் வருகின்றன. சபா சீசனின் கூட்டம் அப்போது இராது, வெயில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: அரங்கைச் சுற்றி நடக்கும் தூரத்தில் சாப்பிடுங்கள்

நல்ல உணவகம் எது என்று முதலில் தேடிவிட்டு, பிறகு அங்கிருந்து அரங்குக்குப் போக வண்டி தேடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. மாலை ஐந்தரை மணிக்கு டி.டி.கே. சாலையிலோ லஸ் முனையிலோ ஆட்டோவில் மாட்டிக்கொண்டால் சாப்பிட்ட நெய்த் தோசையின் ருசி மறந்துபோகும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, பனகல் பூங்கா பக்கமெல்லாம் சாலைகள் வளைந்தும் குறுகியும் மாறியிருக்கின்றன. அதனால் அரங்கை முதலில் தீர்மானியுங்கள், அதைச் சுற்றி நடக்கும் தூரத்தில் உணவகத்தைப் பாருங்கள். சற்றுச் சுமாரான கடையாகவே இருந்தாலும் பக்கத்துக் கடைதான் உத்தமம்.

மயிலாப்பூரிலிருந்து தொடங்குவோம். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பேட்டை அதுதான். கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், லஸ் பக்கம் ராகசுதா ஹால் என்று ஒரே பேட்டைக்குள் இத்தனை அரங்குகள். பறக்கும் ரயிலில் திருமயிலையிலோ முண்டகக்கண்ணியம்மன் கோவிலிலோ இறங்கி நடந்துவிடலாம். பவனில் கச்சேரி என்றால் அதே வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது. அடை அவியலும் கீரை வடையும் அங்கே பெயர் பெற்றவை. வடக்கு மாட வீதியில் சரவண பவன். அருண்டேல் தெருவின் சந்துக்குள் ராயர் மெஸ். இது மிகச் சிறிய இடம். ஒரு சுற்று ஆட்கள் எழுந்தால்தான் அடுத்த சுற்றுக்கு இடம். இட்லிக்கு வரும் கெட்டிச் சட்னிக்காக நின்றாவது சாப்பிடுவோம் என்கிற கூட்டம் எப்போதும் உண்டு. நேரம் தாராளமாக இருக்கிற நாளில் போங்கள். ஆறேகால் கச்சேரிக்கு ஐந்தே காலுக்குப் போய் நிற்கும் இடம் அது அன்று. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே பஜ்ஜி, போண்டா கொடுக்கும் ‘ஜன்னல் கடை’யும் புகழ்பெற்றது. வாங்கித் தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். பட்டுப் புடவையிலும் வேட்டியிலும் இருப்பவர்கள் சட்னித் தொன்னையைச் சற்று எச்சரிக்கையாகப் பிடிக்கவும்.

மயிலாப்பூரில் ஒரு முன்னெச்சரிக்கை. ஜனவரித் தொடக்கத்தில் மாட வீதிகளில் மயிலாப்பூர் திருவிழா நடக்கும். அந்த நாள்களில் வீதியே கடைத்தெருவாகவும் மேடையாகவும் ஆகிவிடும். வேடிக்கை பார்க்க அருமையான நாள்கள். வண்டியில் வந்து, வேகமாகச் சாப்பிட்டு, வேறு அரங்குக்கு ஓட நினைப்பவர்களுக்கு உகந்தவை அல்ல.

அடுத்தது ஆழ்வார்பேட்டையும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் தொடங்கப்பட்டதுதான் மியூசிக் அகாடமி. டி.டி.கே. சாலையில் கதீட்ரல் சாலை வந்து சேரும் முனையில் இருக்கிறது. அதே டி.டி.கே. சாலையில் இன்னும் தெற்கே நாரத கான சபா. அகாடமிக்கு வருபவர்கள் அங்கிருந்து கடற்கரைத் திசையில் ராதாகிருஷ்ணன் சாலையில் நடந்தால் நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் வரும். சவேரா ஓட்டலும் இந்தச் சாலையில்தான், அதன் ‘மால்குடி’ தென்னிந்தியச் சமையலுக்கானது. அது நிகழ்ச்சிக்குப் பின் நிதானமாகச் சாப்பிட ஏற்றது. முன்னால் போக நினைத்தால் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோவில் வருபவர்களுக்கு அகாடமிக்கு வசதியான நிலையம் அண்ணா சாலையில் உள்ள ஏ.ஜி. – டி.எம்.எஸ். அங்கிருந்து ஆட்டோ தேவைப்படும்.

பழைய ஆள்கள் இந்தப் பக்கம் வந்தால் கதீட்ரல் சாலை டிரைவ்-இன் உட்லண்ட்ஸைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்கள். காரில் உட்கார்ந்தபடியே தட்டில் டிபன் வரும் இடம். 2008இல் மூடிவிட்டார்கள், இப்போது அந்த நிலம் செம்மொழிப் பூங்கா. யாராவது அங்கே சந்திக்கலாம் என்று சொன்னால் அவர்கள் ஊரை விட்டுப் போய் வெகு காலமாகிவிட்டது என்று பொருள்.

தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும். மகாராஜபுரம் சந்தானம் சாலையில் முன்னது, ஜி.என். செட்டி சாலையில் பின்னது. வாணி மகாலுக்குப் போகிறவர்களுக்கு அதே சாலையில் முருகன் இட்லிக் கடை இருக்கிறது. இட்லி, பொடி, நான்கு வகைச் சட்னி என்று இலையில் போட்டு நிமிடங்களில் முடித்துத் தருவார்கள். நாடகத்துக்கு முன் இதைவிட அளவான சாப்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பேட்டையின் தொல்லை கடைத்தெருக் கூட்டம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாங்கல் எல்லாம் இசை சீசனோடு சேர்ந்தே வருகின்றன. புடவை எடுத்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, கச்சேரிக்கும் போகலாம் என்று ஒரே மாலையில் மூன்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எழும்பூரில் அரசு அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கும் மியூசியம் தியேட்டரில் ஆங்கில நாடகங்களும் தமிழ் நவீன நாடகங்களும் நடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், வட்டமான இருக்கை வரிசை, பார்க்கவே அழகு. ஆனால் வாசலில் சாப்பிட ஒன்றும் பெரிதாகக் கிடையாது. எழும்பூர் ரயில் நிலையத்தின் எதிரே காந்தி இர்வின் சாலையில் முடித்துக்கொண்டு வருவது நல்லது. சேப்பாக்கம் கலைவாணர் அரங்கத்துக்கு வருபவர்கள் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சாப்பிடலாம். இட்லியைச் சாம்பாரில் மிதக்க விட்டு, கேட்கக் கேட்க மேலும் ஊற்றுவார்கள். அசைவம் வேண்டுமென்றால் அண்ணா சாலையில் 1951 முதல் நடக்கும் புகாரி. வைகுண்ட ஏகாதசி நாளில் மட்டும் திருவல்லிக்கேணிப் பக்கமே திட்டமிடாதீர்கள்; பார்த்தசாரதி கோவில் கூட்டம் தெருக்களை நிறைத்துவிடும்.

பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம். 1943இல் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கத்தின் இசை விழா அங்கேதான். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அருகில். இங்கே புதியவர்களை இழுப்பது சௌகார்பேட்டை. மின்ட் தெருவின் காக்கடா ராம்பிரசாதில் சூடான ஜிலேபியும் சாட்டும் நிச்சயம் சாப்பிட வேண்டியவைதான், ஆனால் அந்தத் தெருவுக்குள் மாலை ஐந்து மணிக்குப் போய் ஆறு மணிக்குள் வெளியே வந்துவிடலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். என்.எஸ்.சி. போஸ் சாலையின் சீனா பாய் டிபன் சென்டர் மாலையில்தான் தொடங்குகிறது. நெய்யில் ஊறிய பொடி இட்லியும் ஊத்தப்பமும் கச்சேரிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சபா கேண்டீனைக் கற்றுக்கொள்ளுங்கள்

மேலே சொன்ன உணவகங்கள் ஆண்டு முழுக்க இருப்பவை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை பெரிய சபாக்களின் வளாகத்தில் பந்தல் போட்டு நடக்கும் கேண்டீன்கள் தனி உலகம். கச்சேரி டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்து வெளியே தயங்கி நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பொதுவாக அப்படி ஒரு விதி கிடையாது. எந்த ராகம் என்று கேட்டால் விழிக்கும் ஆள்கள்கூட, அலுவலகத்திலிருந்து குழுவாக வந்து இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இசை விமர்சகர்கள் பாடகர்களைப் பற்றி எழுதுகிற அதே கறாருடன் ரசிகர்கள் கேண்டீன்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த ஆண்டு எந்தச் சபாவில் எந்தச் சமையல்காரர் என்பது ஒரு பெரிய செய்தி. ‘அறுசுவை’ நடராஜன் போன்ற பெயர்கள் திருமண வீடுகளிலிருந்து சபா வளாகத்துக்கு வந்து நிலைபெற்றது இப்படித்தான்.

ஒப்பந்தம் ஆண்டுக்காண்டு மாறலாம் என்பதால், ‘அங்கே போனால் இது கிடைக்கும்’ என்று போன ஆண்டுச் செய்தியை நம்பிப் போகாதீர்கள். சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டால் போதும், தானாகவே பட்டியல் வரும். முன்பின் தெரியாதவரிடம் பேச்சுத் தொடங்க இதைவிட நல்ல வழியும் இல்லை.

நடைமுறை இப்படி இருக்கும். மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் டிபன். காலையிலும் சில இடங்களில் உண்டு. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே டோக்கன் வாங்க வேண்டும். ஓர் இலைக்குச் சில நூறு ரூபாய் ஆகும், அதற்குரிய இனிப்பு, வடை, இரண்டு மூன்று கறி, கூட்டு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் வரும். விடுமுறை நாள்களில் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் போனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டியிருக்கும். சாப்பிடுபவருக்கும் சங்கடம், நிற்பவருக்கும் சங்கடம். பதினொன்றரைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுங்கள்.

மாலை டிபனில் நிரந்தரமானவை, தினம் மாறுபவை என்று இரண்டு வகை. இட்லி, தோசை, பொங்கல், காபி நிரந்தரம். வாழைப்பூ வடை, அசோகா அல்வா, காசி அல்வா, சேவை வகைகள், அடை அவியல் போன்றவை அன்றன்றைக்குச் சுழலும். வாசலில் கரும்பலகையிலோ தாளிலோ எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு பரிமாறுபவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் முழுவதையும் ஒதுக்க முடிகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பதினொன்றரைக்குக் கேண்டீனில் இலைச் சாப்பாடு. அதன்பின் அதே சபாவில் பிற்பகல் கச்சேரி. பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. இளம் கலைஞர்கள் பாடுவார்கள், நாளைக்குப் பெரிய பெயர் ஆகப் போகிறவர்களை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். அது முடிவதற்குச் சற்று முன், கடைசியில் பாடும் சிறு பாட்டுகளான துக்கடாக்கள் தொடங்கும் வேளையில், ஒரு பாட்டு முடிந்த கைதட்டலோடு வெளியே வந்துவிட்டால் கேண்டீனில் கூட்டம் இராது. ஒரு வடை, ஒரு காபி. பிறகு மாலைக் கச்சேரி. கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிட்டுப் போகும் பழக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். கட்டணக் கச்சேரிக்கு முன் டிக்கெட் சரிபார்க்க அரங்கைக் காலி செய்யச் சொல்லும் சபாக்கள் உண்டு.

நான்காம் படி: இரண்டரை மணி நேரம் உட்காரப் போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்து ஆர்டர் செய்யுங்கள்

வெண்பொங்கல் மார்கழியின் பெருமைதான். ஆறு மணிக்கு நெய் ஒழுகும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் குளிரூட்டிய அரங்கில் மெதுவாக விரியும் விளம்பகால ஆலாபனை கேட்க உட்கார்ந்தவர்களின் தலைகள் எப்படி ஆடும் என்பதை எந்தச் சபாவின் பின்வரிசையிலிருந்தும் பார்க்கலாம். அத்தனையும் ரசனையால் ஆடுவன அல்ல. பொங்கலைக் காலைக் கச்சேரிக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். பூரி கிழங்கும் சோலே பட்டூராவும் இதே வகை.

இட்லி, இடியாப்பம், சேவை, சாதாத் தோசை ஆகியவை மாலைக்கு நல்லவை. ரவா தோசை எவ்வளவு பிடித்தாலும் அவசரமான நாளில் கேட்காதீர்கள். கல்லில் மொறுமொறுப்பாக வர நேரம் எடுக்கும், கூட்டம் அதிகமாக இருந்தால் ரவா தோசைக்குத் தனியாகக் கல் ஒதுங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பக்கத்து மேசைக்காரர் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து போனபின்னும் நீங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பீர்கள். அடையும் அப்படித்தான். இருபது நிமிடம்தான் இருக்கிறதென்றால் இட்லி வடை என்று சொல்லி, அதோடு சேர்த்துக் காபிக்கும் சொல்லிவிடுங்கள். காபியைக் கடைசியில் சொன்னால் அது கடைசியில்தான் வரும்.

காபி ஒன்று போதும். இரண்டாவது காபியின் விளைவு, பாடகர் நீண்ட உருப்படியான ராகம் தானம் பல்லவியைத் தொடங்கும் நேரத்தில்தான் தெரியவரும்.

வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் கேண்டீனில் தயங்காமல் கேட்கலாம். அதற்குப் பழகிய இடங்கள் அவை. பால் பொருள் தவிர்ப்பவர்கள் ‘நெய் வேண்டாம், எண்ணெய் போதும்’ என்று தோசை வார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். எனவே அரிசி இட்லிக்குப் பயமில்லை என்றாலும் சாம்பாரைப் பற்றி யோசிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கச்சேரி ஒன்பது மணி வரை போகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக் கைப்பையில் பிஸ்கெட்டோ பழமோ வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் அரங்குக்கு வெளியே வந்து சாப்பிடலாம்.

குழந்தைகளை அழைத்து வருபவர்கள் வீட்டிலேயே ஊட்டிவிட்டு வருவதுதான் எல்லோருக்கும் நிம்மதி. மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க் வாங்கித் தருவதாக ஒரு வாக்குறுதி கொடுத்து வையுங்கள், இரண்டு பாட்டுக்காவது அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஐந்தாம் படி: மேசையும் பில்லும்

டிபன் கடையில் நான்கு பேர் மேசையில் இருவராக உட்கார்ந்தால் எதிரே அறிமுகமில்லாதவர்கள் வந்து அமர்வார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுவதுதான் மரியாதை. பேச வேண்டியதை அரங்க வாசலில் பேசிக்கொள்ளலாம்.

சாதாரண உணவகங்களில் பில்லோடு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. சேரும். சில பெரிய உணவகங்கள் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை சேர்க்கின்றன. அது கட்டாயம் இல்லை, வேண்டாம் என்று சொல்லி எடுக்கச் சொல்லலாம். சர்வருக்குப் பத்தோ இருபதோ வைப்பது டிபன் கடை வழக்கம். கைப்பேசியில் பணம் செலுத்துவது எல்லா இடத்திலும் நடக்கிறது என்றாலும், சபா வளாகத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கூடும்போது இணைப்பு தடுமாறும். டோக்கன் வரிசையில் உங்கள் பின்னால் இருபது பேர் நிற்க, சுற்றிச் சுற்றி ஓடும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை நோட்டுகளாக வைத்திருப்பது மேல்.

ஆறாம் படி: அரங்குக்குள் போன பிறகு

பார்சலோடு உள்ளே போகாதீர்கள். பையை இறுக்கிக் கட்டியிருந்தாலும் சாம்பார் மணம் மூன்று வரிசைக்குத் தெரியும், பிளாஸ்டிக் உறையின் சரசரப்பு மிருதங்கத்தின் மெல்லிய சொற்களைவிடக் கூடுதலாகக் கேட்கும். வீட்டுக்கு வாங்க வேண்டியதைக் கச்சேரி முடிந்து வாங்குங்கள், அல்லது வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது ஒரு நுட்பமான விஷயம். வழக்கமான கச்சேரி வர்ணத்தில் தொடங்கி, சில கீர்த்தனைகளைக் கடந்து, விரிவான முக்கிய உருப்படிக்கு வரும். அதன் முடிவில் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ தனி ஆவர்த்தனம் வாசிக்கும். அந்த நேரம் பார்த்து வரிசை வரிசையாக எழுந்து கேண்டீனுக்குப் போகும் ஒரு பழைய வழக்கம் சென்னையில் உண்டு. அந்த மாலையில் தாள வாத்தியக்காரருக்கென்று ஒதுக்கப்பட்ட பதினைந்து நிமிடம் அது. அவர் தலை நிமிர்ந்து பார்க்கும்போது தெரிவது முதுகுகள். இந்த வழக்கத்தைப் பழமை என்பதற்காக மன்னிக்க எனக்கு மனமில்லை. புதியவர்கள் இதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மேலே சொன்னபடி ஐந்தே முக்காலுக்குள் டிபன் முடித்திருந்தால் எழுந்து போகும் தேவையும் வராது. அப்படியும் வெளியே போக வேண்டியிருந்தால் இரண்டு உருப்படிகளுக்கு இடைப்பட்ட கைதட்டலின்போது போய், அதேபோல் ஒரு கைதட்டலின்போது திரும்பி வாருங்கள்.

நாடகத்தில் இடைவேளை இருந்தால் அது சிறியது. ஒரு காபிக்கோ சமோசாவுக்கோ மேல் அதில் திட்டமிடாதீர்கள். பரதநாட்டிய நிகழ்ச்சிகளில் இடைவேளையே இல்லாமலும் போகலாம்.

ஏழாம் படி: முடிந்த பிறகு

ஆறரைக்குத் தொடங்கிய கச்சேரியில் மங்களம் பாடி முடிக்க எட்டே முக்கால், ஒன்பது ஆகும். ஏழு மணிக் கச்சேரி இன்னும் நீளும். அப்போது கேண்டீனில் மிச்சமிருப்பதுதான் கிடைக்கும், ஒரு தயிர் சாதமோ ஒரு தோசையோ. நிதானமாகச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இதுதான் உணவக வேளை. கூட்டமாகப் போவதாக இருந்தால் மேசை பதிவு செய்யும்போது ‘ஒன்பதே காலுக்கு வருவோம், கச்சேரியிலிருந்து வருகிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். கடைசி ஆர்டர் எத்தனை மணி என்றும் கேளுங்கள். கடை பதினொன்றுக்கு மூடும் என்றால் சமையலறை பத்தரைக்கே கையை விரித்துவிடலாம்.

ஆட்டோவும் வாடகைக் காரும் ஒரே வாசலில் இருநூறு பேர் கேட்டால் கிடைக்காது. கச்சேரி முடிந்ததும் அங்கேயே நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்காமல், அடுத்த சிக்னல் வரை நடந்து, அங்கே திறந்திருக்கும் டிபன் கடையில் உட்கார்ந்துவிட்டு அரை மணி கழித்து வண்டிக்குச் சொல்லுங்கள். வண்டியும் எளிதாகக் கிடைக்கும், கேட்ட கல்யாணி ராகத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ள ஒரு மேசையும் கிடைக்கும். மெட்ரோவிலோ பறக்கும் ரயிலிலோ திரும்புபவர்கள் மட்டும் கடைசி வண்டியின் நேரத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரவா தோசையை அந்த இரவிலும் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம்.